டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டயாலிசிஸ் பாதியில் நின்று, ஃபில்டர் முழுக்கக் கறுத்து, அதிலிருந்த ரத்தத்தை அப்படியே குப்பையில் போட வேண்டியதாயிற்று என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கே நடந்தும் இருக்கலாம். எனக்குச் சிகிச்சை தொடங்கிய மாதங்களில் இது திரும்பத் திரும்ப நடந்தது. ஒவ்வொரு முறையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது, டயாலிசிஸுக்காகக் கழுத்து ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற குழாய் போட்ட இடத்தில் கசிவு நிற்கவில்லை. ஃபில்டர் மட்டும் உறைந்துகொண்டே இருந்தது. கதீட்டரில் ரத்த ஓட்டம் போதவில்லை என்பதை ஒரு மருத்துவர் கண்டுபிடித்து, அதை மாற்றிய பிறகுதான் நிலைமை மாறியது. அதன்பின் ஹெப்பாரினைக் குறைத்தும்கூட ஃபில்டர் கடைசிவரை தெளிவாக இருந்தது.

அந்த மாதங்களில் யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் எவ்வளவோ ரத்தமும் பணமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் சிறுநீரக மருத்துவர். அவர் சரியாக முடிவு செய்யத் தேவையான தகவல்களில் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

1. ரத்தம் போய்வரும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

உடலிலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே வருகிறது. சுழலும் பம்ப் அதைத் தள்ளுகிறது. அடுத்தது டயலைசர், அதாவது நாம் ஃபில்டர் என்று சொல்லும் உருளை. அதற்குள் ஏறத்தாழ பத்தாயிரம் மெல்லிய இழைக்குழாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் உள்விட்டமும் சுமார் 0.2 மி.மீ.தான். அங்கிருந்து வரும் ரத்தம் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைக்கும் ஒரு சிறு அறைக்குள் சொட்டி, இன்னொரு குழாய் வழியாக உடலுக்குத் திரும்புகிறது. எந்த நேரத்திலும் உங்கள் ரத்தத்தில் 150 முதல் 250 மி.லி. வரை இப்படி உடலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்.

ரத்தக்குழாயின் உட்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் உறையத் தொடங்குவது ரத்தத்தின் இயல்பு. பிளாஸ்டிக்கைத் தொடுவது ஒரு காரணம், காற்றைத் தொடுவது இன்னொன்று. ஓட்டம் மெதுவாவதும் அடிக்கடி நின்றுபோவதும் மூன்றாவது. முதல் இரண்டையும் முற்றாகத் தவிர்க்க வழியில்லை, அவற்றுக்காகத்தான் மருந்து. மூன்றாவதை மருந்தால் சரிசெய்ய முடியாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. உங்களுக்குத் தரும் மருந்து எது என்று கேளுங்கள்

பெரும்பாலான மையங்களில் இரண்டில் ஒன்றுதான் கொடுப்பார்கள்.

முதலாவது சாதாரண ஹெப்பாரின். தொடக்கத்தில் ஒரு மொத்த அளவு செலுத்திவிட்டு, பிறகு சிரிஞ்ச் பம்ப் மூலம் மணிக்கு இவ்வளவு என்று சிறுகச் சிறுகச் செலுத்துவார்கள், அல்லது இடையில் ஒரு முறை மீண்டும் கொடுப்பார்கள். மணிக்கு 500 முதல் 1500 யூனிட் வரை என்பது பரவலாகக் காணப்படும் அளவு. இந்த மருந்தின் வலிமை ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த பாதை) உள்ளவர்களுக்கு, சிகிச்சை முடிவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே சிரிஞ்ச் பம்பை நிறுத்திவிடுவார்கள், ஊசியை எடுத்ததும் ரத்தம் சீக்கிரம் நிற்கட்டும் என்று. கதீட்டர் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கடைசிவரை ஓடவிடுவார்கள்.

இரண்டாவது குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின். எனாக்சபாரின், டால்டெபாரின் போன்ற பெயர்களில் வரும். தொடக்கத்தில் ஒரே ஒரு ஊசி மருந்து, சிரிஞ்ச் பம்ப் தேவையில்லை. இது உடலிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்குள் நீண்ட நேரம் தங்கும். வீட்டுக்குப் போன பிறகும் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு உண்டு. சாதாரண ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் என்ற மருந்து இருக்கிறது. அதே புரோட்டமின் இந்த இரண்டாவது வகையை ஓரளவுக்குத்தான் முறிக்கும்.

பக்கத்தில் இருப்பவருக்கு 5000 யூனிட், எனக்கு 2000தானா என்று ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். எடை, ஹீமோகுளோபின், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகள், ஃபிஸ்டுலாவா கதீட்டரா என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் அளவு முடிவாகிறது.

மொத்த அளவைச் செலுத்தியவுடனே ரத்தப் பம்பை ஓட்டிவிடக் கூடாது. மருந்து உடல் முழுக்கக் கலக்க மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கூட்டம் அதிகமுள்ள மையங்களில் இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். தன்மையாக நினைவூட்டுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

இன்னொரு செய்தி. இந்த ஹெப்பாரின் வகைகள் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. சமயக் காரணங்களுக்காக அது உங்களுக்கு முக்கியம் என்றால் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நடுவில் தெரிந்துகொண்டு மனம் வருந்துவதைவிட அது நல்லது.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு கோப்பு போதும். அதில் இருக்க வேண்டியவை:

முதலில் டயாலிசிஸ் பரிந்துரைச் சீட்டு. உலர் எடை (உடலில் அதிகப்படி நீர் இல்லாதபோதுள்ள எடை), ஃபில்டரின் வகை, ரத்த ஓட்ட வேகம், சிகிச்சை நேரம், ஹெப்பாரினின் வகையும் அளவும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. செவிலியர் மாறும் நாளில் வாய்மொழி காணாமல் போய்விடும்.

அடுத்து, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு. அதில் நமக்கு முக்கியமான இரண்டு எண்கள் ஹீமோகுளோபினும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையும். ஹெப்பாரின் தொடங்குவதற்கு முன் எடுத்த தட்டணு எண்ணிக்கை இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள். ஊருக்குப் போகும்போது வேறு மையத்தில் இடம் கேட்டால் இந்த வைரஸ் பரிசோதனைகளைத்தான் முதலில் கேட்பார்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டால் அலைச்சல் இல்லை.

இவற்றுடன் ஒரு சிறு நோட்டு. ஒவ்வொரு முறையும் தேதி, கொடுத்த ஹெப்பாரின், ரத்த ஓட்டம், தொடக்கத்திலும் கடைசியிலும் இருந்த சிரை அழுத்தம் (ரத்தம் உடலுக்குத் திரும்பும் குழாயின் அழுத்தம்), முடிவில் ஃபில்டர் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மையத்திலும் ஒரு தாள் இருக்கும், ஆனால் அது அவர்களிடமே தங்கிவிடும். என் கதீட்டர் விஷயம் பிடிபட்டதே இப்படி எழுதிவைத்த வரிகளை அந்த மருத்துவர் வரிசையாகப் படித்ததால்தான். ஹெப்பாரின் ஏறிக்கொண்டே போக, ஓட்டம் இறங்கிக்கொண்டே வந்தது ஒரே பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது.

4. தொடங்கும் முன் வாய்திறந்து சொல்ல வேண்டியவை

ஹெப்பாரின் அளவு கல்வெட்டில் பொறித்தது அல்ல. அன்றைய உங்கள் நிலையைப் பொறுத்து அது மாற வேண்டும். அந்த நிலை என்ன என்பது நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிய செய்திகள் இவை: கடந்த டயாலிசிஸுக்குப் பிறகு கீழே விழுந்தது, குறிப்பாகத் தலையில் அடிபட்டது. மலம் கறுப்பாகப் போனது. மூக்கில் அல்லது ஈறில் ரத்தம். கண்ணில் திடீரென்று புள்ளிகள் மிதப்பது, பார்வை மங்குவது. மாதவிடாய் அதிகமாக இருப்பது. இதைச் சொல்லப் பல பெண்கள் கூச்சப்படுகிறார்கள், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கியது, அறுவை சிகிச்சை அல்லது திசுப் பரிசோதனை செய்துகொண்டது, செய்துகொள்ளப் போவது. நெஞ்சு வலி இருந்தால் அதையும்; இதய உறையில் அழற்சி இருக்கும்போது ஹெப்பாரின் கொடுத்தால் அங்கே ரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

இதய மருத்துவர் புதிதாக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எதையாவது எழுதிக்கொடுத்தால் அந்தச் சீட்டை டயாலிசிஸ் மையத்தில் காட்டுங்கள். இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உடல் வலிக்கு நீங்களாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் ரத்தக் கசிவைக் கூட்டுபவைதான்.

மறுபக்கம், உறையும் ஆபத்தைக் கூட்டும் செய்திகள்: போன முறை ஃபில்டரில் உறைவு இருந்தது, காய்ச்சல் அல்லது தொற்று இருக்கிறது, இன்று டயாலிசிஸின்போதே ரத்தம் ஏற்றப் போகிறார்கள், எடை அதிகம் ஏறியிருக்கிறது.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது முழுக்க நம் கையில் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் அதிக நீரை இழுத்தால் ரத்தம் கெட்டியாகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் ஃபில்டர் உறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மி.லி. என்பதை நீர் இழுக்கும் வேகத்தின் மேல் எல்லையாகப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் அது 3.1 லிட்டர் அளவு வரும். நான்கரை லிட்டரோடு வந்து உட்கார்ந்தால் எந்தக் கணக்கும் சரிவராது. ரத்த அழுத்தம் விழும், ஓட்டத்தைக் குறைப்பார்கள், குறைந்த ஓட்டத்தில் ரத்தம் உறையும்.

5. முதலில் ஓட்டத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்

ஃபில்டர் ஒரு முறை உறைந்தால் மருந்தைப் பற்றிப் பேசலாம். மறுபடியும் மறுபடியும் உறைந்தால் பாதையைப் பற்றித்தான் பேச வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 250 முதல் 400 மி.லி. வரை ரத்தம் ஓட்டுவார்கள். உங்களுக்கு எழுதிய வேகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். இயந்திரத்தில் தமனி அழுத்தம், அதாவது உடலிலிருந்து ரத்தம் வரும் குழாயின் அழுத்தம், மைனஸ் எண்ணாகத் தெரியும். அந்த மைனஸ் எண் பெரிதாகிக்கொண்டே போனால் பம்ப் கேட்கும் அளவுக்கு ரத்தம் வரவில்லை என்று பொருள். மைனஸ் 250ஐத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். ஊசி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கலாம், கை மடங்கியிருக்கலாம், ரத்த அழுத்தம் குறைந்திருக்கலாம், கதீட்டரின் முனையில் உறைவு சேர்ந்திருக்கலாம்.

கதீட்டர் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, அதற்குள் நிரப்பி மூடிவைக்கும் மருந்து. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே கதீட்டர் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு மி.லி.க்கு 1000 அல்லது 5000 யூனிட் கொண்ட ஹெப்பாரினையோ, உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான 4 சதவீத சிட்ரேட்டையோ உள்ளே நிரப்புவார்கள். எவ்வளவு மி.லி. நிரப்ப வேண்டும் என்பது கதீட்டரின் இரண்டு கிளைகளிலும் அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த முறை தொடங்கும்போது இதை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். 5000 யூனிட் வகையைத் தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டால் ஒரு முழு டயாலிசிஸுக்கான ஹெப்பாரினைவிட அதிகம் ஒரே நொடியில் உடலுக்குள் போய்விடும். குப்பிகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். லேபிளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஓட்டம் குறைந்துபோன கதீட்டரில் ஆல்டெப்ளேஸ் என்ற உறைவு கரைக்கும் மருந்தை நிரப்பிக் காத்திருந்து எடுக்கும் முறை உண்டு. அதற்கும் அசையாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஃபிஸ்டுலாவில் சிரை அழுத்தம் வாரா வாரம் ஏறிக்கொண்டே வந்தால் ரத்தக்குழாயில் எங்கோ குறுகல் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. படுக்கையில் இருந்தபடியே பார்க்க வேண்டியவை

பெரும்பாலான நேரங்களில் உறைவு முன்கூட்டியே சாடை காட்டுகிறது. பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

தொடங்கும் முன்பே ஒரு விஷயம் இருக்கிறது. ஃபில்டரையும் குழாய்களையும் செலைன் விட்டுக் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். இந்த வேலையை அவசரத்தில் முடித்தால் இழைகளுக்குள் காற்று தங்கிவிடும், அந்த இழைகள் சில நிமிடங்களிலேயே அடைத்துக்கொள்ளும். ஃபில்டரை நிமிர்த்தி வைத்துத் தட்டும்போது குமிழிகள் மேலே ஏறி ஓடுவதைப் பார்க்கலாம். குமிழி வருவது நின்ற பிறகுதான் வேலை முடிந்தது.

ஓடத் தொடங்கிய பிறகு ரத்தத்தின் நிறத்தைப் பாருங்கள். செம்மையாக, ஒரே சீராக இருக்க வேண்டும். அது கருஞ்சிவப்பாக மாறுவது முதல் அறிகுறி. அடுத்து ஃபில்டரின் மூடிப் பகுதி. ரத்தம் நுழையும் பக்கத்து மூடிக்குள், இழைகளின் வாய்கள் தெரியும் வட்டத்தின் ஓரத்தில், கறுத்த வளையம்போல் உறைவு சேரத் தொடங்கும். பிறகு உருளையின் நீளவாக்கில் தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் அடைத்துப்போன இழைகளின் ஒரு கொத்து. ஒன்றிரண்டு கோடுகள் இருந்தால் பதற வேண்டாம், எண்ணிக்கை கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

மூன்றாவது, குமிழி அறை. அதற்குள் ரத்தம் அமைதியாகச் சுழன்று இறங்க வேண்டும். மேலே நுரை கட்டினாலோ, அறையின் சுவரில் பிசுபிசுப்பாகப் படலம் ஒட்டினாலோ, உள்ளேயிருக்கும் வலையில் கறுப்பாக ஏதோ தொங்கினாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அந்த அறையில் ரத்தத்தின் மட்டம் மிகக் கீழே இருந்தால் ரத்தம் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கும், உறைவு கூடும். மட்டத்தை ஏற்றிவைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, இயந்திரத்தின் எண்கள். ரத்த ஓட்ட வேகத்தை மாற்றாமலேயே சிரை அழுத்தம் சீராக ஏறினால் குமிழி அறையிலோ அதற்குப் பிறகோ அடைப்பு உருவாகிறது. சிரை அழுத்தம் அப்படியே இருக்க, ஃபில்டருக்கு முந்தைய அழுத்தம் ஏறினால் அடைப்பு ஃபில்டருக்குள். எல்லா இயந்திரங்களிலும் இந்த இரண்டாவது எண் தெரியாது. தெரிந்தால் எது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. செவிலியர் ரத்தம் வரும் பக்கத்தை மூடிவிட்டு 100 முதல் 200 மி.லி. செலைனை ஃபில்டர் வழியாக ஓடவிடுவார். ரத்தம் கழுவப்பட்டு இழைகள் வெளுக்கும். வெளுக்காமல் கறுப்பாக நிற்கும் இடமெல்லாம் உறைவு. ஒரு நிமிட வேலை இது. சந்தேகத்தோடு அரை மணி நேரம் ஓட்டுவதைவிட இதைச் செய்யச் சொல்லிக் கேட்பது மேல்.

சிரிஞ்ச் பம்பையும் ஒரு தடவை பாருங்கள். ஹெப்பாரின் குழாயில் கிளாம்ப் திறக்கப்படாமலே பம்ப் ஓடுவது அடிக்கடி நடக்கும் பிசகு. சிரிஞ்சில் மருந்தின் மட்டம் ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்த இடத்திலேயே இருந்தால் மருந்து போகவில்லை.

அலாரம் அடித்தால் ரத்தப் பம்ப் நின்றுவிடும். நின்ற ரத்தம் உறையும். கையை மடக்குவது, குழாயின் மேல் படுப்பது, அழுத்தமானிக் குழாயை இழுப்பது ஆகியவற்றால் வரும் அலாரங்களை நாமே தவிர்க்கலாம். நடுவில் கழிவறைக்கு எழுந்து போகும் தேவை வராதபடி முன்பே முடித்துக்கொண்டு உட்காருங்கள்.

7. உறைந்தே விட்டால்

கோடுகள் வேகமாகக் கூடி, அழுத்தமும் ஏறினால், முழுவதும் அடைப்பதற்குள் ரத்தத்தைச் செலைன் விட்டு உடலுக்குத் திருப்பிவிட்டு, புது ஃபில்டரும் குழாய்களும் போட்டுத் தொடர்வது நல்ல வழி. இந்த முடிவைத் தள்ளிப்போட்டால் திருப்பித் தர ரத்தமே இருக்காது. குழாயில் கட்டிகள் தெரியும்போது எக்காரணம் கொண்டும் அதை உடலுக்குள் தள்ளவிடாதீர்கள். அந்த 200 மி.லி. போனால் போகட்டும்.

அதன் பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு ரத்தம் வீணானது? விட்டுப்போன நேரத்தை இன்றே ஈடுகட்டுவீர்களா? அடுத்த முறை எதை மாற்றப் போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "ஹெப்பாரினைக் கூட்டுவோம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், ஓட்டத்தைப் பார்த்தீர்களா என்று நான்காவதாகக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

8. ஹெப்பாரின் இல்லாமல் டயாலிசிஸ் செய்ய வேண்டிய நாட்கள்

அறுவை சிகிச்சை முடிந்திருந்தால், எங்காவது ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் ஹெப்பாரின் இல்லாமல்தான் செய்வார்கள். பயப்பட வேண்டாம், பலருக்கும் நன்றாகவே முடிகிறது. ரத்த ஓட்டத்தை உங்கள் உடல் தாங்கும் அளவுக்கு உயர்த்திவைத்து, 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 200 மி.லி. செலைனால் ஃபில்டரைக் கழுவுவார்கள். இந்தச் செலைன் முழுவதும் உங்கள் உடலுக்குள்தான் போகிறது. நான்கு மணி நேரத்தில் அது ஒரு லிட்டரைத் தாண்டிவிடலாம். நீர் எடுக்கும் கணக்கில் அதைச் சேர்த்தார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வந்த எடையோடேயே வீடு திரும்புவீர்கள்.

அன்றைக்கு ரத்தம் ஏற்றுவதை முடிந்தால் வேறு நேரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். சில மையங்களில் சிட்ரேட் கலந்த டயாலிசிஸ் திரவமோ, ஹெப்பாரின் பூசிய ஃபில்டரோ பயன்படுத்துவார்கள். சிட்ரேட்டை நேரடியாகக் குழாயில் செலுத்தும் முறையும் உண்டு. அது ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துவைத்து உறைதலைத் தடுக்கிறது. உடலுக்குத் திரும்பும்போது கால்சியத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கவும் வேண்டும். பழக்கப்பட்ட ஊழியர்கள் இருக்கும் இடத்தில் மட்டுமே செய்வார்கள்.

பல் பிடுங்குவது போன்ற சிறு சிகிச்சைகளை டயாலிசிஸுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். ஹெப்பாரின் வடிந்திருக்கும், உடலில் கழிவும் குறைவாக இருக்கும்.

9. தட்டணுக்கள் சரிந்தால்

அபூர்வமாக நடப்பது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சிலருக்கு ஹெப்பாரினுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிவிடும். தொடங்கிய ஐந்து முதல் பத்து நாட்களில் தட்டணு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கும். தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதில் நேர்மாறாக ரத்தம் கட்டிக்கொள்ளும். போதிய ஹெப்பாரின் கொடுத்தும் ஃபில்டர் காரணமில்லாமல் உறைந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கடந்த மூன்று மாதத்துக்குள் மருத்துவமனையில் ஹெப்பாரின் பெற்றிருந்தால் ஓரிரு நாளிலேயே தொடங்கலாம்.

உறுதியானால் ஹெப்பாரினின் எல்லா வடிவமும் நிறுத்தப்பட வேண்டும். கதீட்டரில் நிரப்புவதும், ஹெப்பாரின் பூசிய ஃபில்டரும், குறைந்த மூலக்கூறு எடை வகையும் இதில் அடக்கம். அர்காட்ரோபான் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. "ஹெப்பாரின் கூடாது" என்று எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. செலவு எங்கே கூடுகிறது?

சேரும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்விகள்: மொத்தக் கட்டணத்தில் ஹெப்பாரின் அடங்குமா? நடுவில் ஃபில்டர் உறைந்து புதிது போட்டால் அந்தக் காசு யாருடையது? குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் வேண்டுமென்றால் தனியாக வாங்கி வர வேண்டுமா? காப்பீடு இருந்தால் இவற்றையெல்லாம் ஏற்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஃபில்டரைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் மையமாக இருந்தால், இழைகளின் கொள்ளளவை ஒவ்வொரு முறையும் அளப்பார்கள். புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்த ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டும். உறைவு அதிகமானால் ஃபில்டரின் ஆயுள் குறைகிறது, செலவு ஏறுகிறது. அளந்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு வேறொன்று: வீணாகும் ரத்தத்தை ஈடுகட்டப் போடும், ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும்.

11. முடிந்த பிறகும் வீட்டிலும்

ஊசி எடுத்த இடத்தை 10 முதல் 15 நிமிடம் நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். ரத்த ஓட்டமே நின்றுபோகும் அளவுக்கு இறுக்கக் கூடாது, அதுவே ஃபிஸ்டுலாவை அடைத்துவிடும். வழக்கத்தைவிட நீண்ட நேரம், அரை மணியையும் தாண்டி ரத்தம் வந்தால் ஹெப்பாரின் அதிகமாகியிருக்கலாம், ஃபிஸ்டுலாவில் மேலே குறுகல் இருக்கலாம். நோட்டில் எழுதி, அடுத்த முறை காட்டுங்கள். அன்றைக்குத் தசையில் போடும் ஊசிகளைத் தவிருங்கள்.

காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாவின் மேல் மூன்று விரல்களை வைத்துப் பாருங்கள். விர்ரென்ற அதிர்வு தெரிய வேண்டும். இரவு படுக்கும் முன் இன்னொரு முறை. ரத்த அழுத்தம் விழுந்த நாளில் கூடுதலாக ஒரு முறை, ஏனென்றால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். பை மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அதிர்வு தெரியவில்லை என்றால், அடுத்த டயாலிசிஸ் நாளைக்குத்தானே என்று காத்திருக்க வேண்டாம். இரவானாலும் மையத்துக்கோ மருத்துவமனைக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள். கட்டி புதிதாக இருக்கும்போது அதை எடுத்து ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற முடியும். நாள் கடந்து போனால் புதிய ஃபிஸ்டுலா போட்டு, அது பயன்படுத்தும் அளவுக்குத் தயாராகும்வரை கழுத்தில் கதீட்டரோடு காத்திருக்க வேண்டிவரும்.